படிக்காதவை 247

செய்தியோடை என்பது ஒரு தளம் தன் புதுப் பதிவுகளைக் கருவிகள் படிக்கும்படி தரும் பட்டியல். பல தளங்களின் ஓடைகளை ஓரிடத்தில் வாசிக்கும் கருவியைத் திறந்ததும், படிக்காத பதிவுகள் எத்தனை என்று இடப்பக்கத்தில் ஓர் எண் நிற்கும். 247. ஊருக்குப் போய் நாலு நாள் கழித்துத் திறந்தால் 900. இந்தவகைக் கருவிகளில் ஒன்றான கூகுள் ரீடர் 2005இல் வந்து 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. ஆயிரத்தைத் தாண்டியதும் அது எண்ணுவதை விட்டுவிட்டு '1000+' என்று மட்டும் காட்டும். அந்த நிலைக்கு வந்தவருக்கு இரண்டே வழி: எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிடுவது, இல்லையென்றால் கருவியைத் திறப்பதையே நிறுத்திவிடுவது.

இந்த எண் மின்னஞ்சலிலிருந்து வந்த பழக்கம். அங்கே அதற்கு நியாயம் உண்டு. ஒருவர் உங்கள் பெயருக்கு எழுதியிருக்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார். வலைப்பதிவு எழுதுகிறவர் அப்படியில்லை. அவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார். போகிற வழியில் நின்று கேட்கலாம், நேரமில்லையென்றால் நடந்துவிடலாம். கேட்காமல் விட்ட பேச்சையெல்லாம் எண்ணி வைத்துக் கடன் சீட்டு நீட்ட வேண்டிய அவசியம் கருவிக்கு இல்லை.

அப்படியானால் எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைப்பது? ஒன்றுமே வைக்காவிட்டால் யார் எழுதினார், யார் எழுதவில்லை என்று ஒவ்வொரு தளமாகப் போய்ப் பார்க்க வேண்டும். ஓடை என்ற ஒன்றே அதைத் தவிர்க்க வந்தது. 'இவர் புதிதாக ஏதோ எழுதியிருக்கிறார்' என்று சொல்லி, அதற்கு மேல் எதுவும் சொல்லாத ஓர் அடையாளம் வேண்டும்.

ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் 1995இல் கவனத்தைப் பிடுங்காமல் ஓரமாக நிற்கும் 'அமைதியான தொழில்நுட்பம்' பற்றி எழுதியபோது காட்டிய உதாரணம் இங்கே பொருந்தும். கலைஞர் நடாலி ஜெரமிஜென்கோ கூரையில் ஒரு சின்ன மோட்டாரைப் பொருத்தி, அதிலிருந்து 8 அடி நீளப் பிளாஸ்டிக் கயிற்றைத் தொங்கவிட்டார். பக்கத்தில் ஓடும், கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் கம்பியில் தகவல் போகும்போதெல்லாம் மோட்டார் துடிக்கும். நெரிசலான நேரத்தில் கயிறு சுழலும், அமைதியான நேரத்தில் எப்போதாவது அசையும். யாரும் அதை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, ஓரக்கண்ணுக்கே நிலவரம் தெரியும். பின்தொடரும் கருவியின் முகப்புப் பக்கம் அப்படி இருக்க வேண்டும்.

ஒரு வரிசை, ஓர் ஆள்

முதல் முடிவு, பட்டியலின் அலகு எது என்பது. பதிவுகளைப் பட்டியலிட்டால் ஒரு நாளைக்கு 40 செய்தி போடும் தளம், மாதம் ஒருமுறை எழுதுகிறவரை மூழ்கடித்துவிடும். ஆட்களைப் பட்டியலிட்டால் இருவருக்கும் ஒரே ஒரு வரிசைதான். கிக்ஸ் காண்டர் என்ற புனைபெயர்க்காரர் உருவாக்கிய ஃப்ரெய்டிகேட் என்ற பின்தொடரும் கருவி இந்த வழியில் போனது. அதில் படிக்காதவை என்ற கணக்கே கிடையாது. பின்தொடர்பவர்களை முக்கியத்துவப்படி அடுக்குகளாகப் பிரித்து, அடுக்குக்குள் யார் கடைசியாக எழுதினார் என்ற வரிசையில் காட்டும். இதுவே சரியான அடித்தளம் என்பது என் கருத்து. அடையாளம் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அதைச் சுமக்கும் பட்டியல் ஆயிரம் வரி நீண்டால் அமைதி வராது.

வரிசையில் இருக்க வேண்டியவை: பெயர், கடைசிப் பதிவின் தலைப்பு, எப்போது என்பது, புதியது என்றால் ஒரு புள்ளி. அவ்வளவுதான். நேரத்தை '3 நிமிடம் முன்பு' என்று காட்டக் கூடாது. நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும், பார்க்கிறவருக்கு அவசரத்தை ஊட்டும். இன்று, நேற்று, இந்த வாரம், இந்த மாதம், அதற்கு முன்பு என்ற ஐந்து சொற்கள் போதும். தேதியையும் எண்ணையும் அந்தந்த மொழியில் எழுதித் தரும், உலாவியில் உள்ள இன்டில் வசதியே தமிழில் 'நேற்று' என்று தரும்; 'எண் கட்டாயமில்லை' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் மட்டும். கொடுக்காவிட்டால் '1 நாளுக்கு முன்' என்று வரும்.

எது புதியது?

புள்ளியின் நிறம், அளவு பற்றிப் பேசுவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி இது. இதில் தவறினால் எத்தனை அழகான புள்ளியும் பொய் சொல்லும். நாலு முறை பொய் சொன்ன புள்ளியை ஐந்தாம் முறை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு பதிவை ஏற்கெனவே பார்த்தோமா என்று அறிய அதற்கென ஓர் அடையாள எண் வேண்டும். ஓடைகள் இரண்டு வடிவங்களில் வரும்: ஆர்எஸ்எஸ் வகையில் அந்த எண்ணின் பெயர் ஜியுஐடி, ஆட்டம் வகையில் ஐடி. வலைப்பதிவு நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிவுக்கும் ஜியுஐடியைத் தளத்தின் முகவரியோடு பதிவு எண்ணைச் சேர்த்து உருவாக்குகிறது. தளத்தை வேறு முகவரிக்கு மாற்றும்போது தரவுத்தளம் முழுக்கப் பழைய முகவரியைத் தேடி மாற்றுகிறவர்கள், ஜியுஐடியையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள். அதைத் தொடாதீர்கள் என்று வேர்ட்பிரஸ் ஆவணமே எச்சரிக்கிறது, ஆனாலும் நடக்கிறது. அன்று ஓடையில் உள்ள பத்துப் பதிவுகளும் 'புதியவை' ஆகிவிடும்.

ஜியுஐடி இல்லாத ஓடைகளில் இணைய முகவரியை அடையாளமாகக் கொள்ள வேண்டியிருக்கும். அங்கேயும் பள்ளம் உண்டு. தமிழ்ப் பதிவர்கள் நிறையப் பேர் இருந்த, கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாக்ஸ்பாட்டில், 2012 முதல் பார்ப்பவரின் நாட்டைப் பொறுத்து டாட் காம் முகவரி டாட் இன் ஆக மாறியது. ஒரே பதிவு, இரண்டு முகவரி. எனவே ஒப்பிடும் முன் முகவரியைச் சுத்தப்படுத்த வேண்டும்: எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டையும் ஒன்றாகக் கருதுவது, கடைசிச் சாய்கோட்டை நீக்குவது, யுடிஎம் என்று தொடங்கும் விளம்பர வால்களை வெட்டுவது. இவற்றுக்கு மேல் ஒரு வெள்ளத் தடுப்பு விதியும் வேண்டும். ஓர் ஓடையில் பாதிக்கு மேற்பட்ட பதிவுகள் ஒரே தடவையில் புதியவையாகத் தெரிந்து, அவற்றின் தலைப்புகள் ஏற்கெனவே சேமித்த தலைப்புகளோடு ஒத்துப்போனால், அது இடமாற்றம். புள்ளி எழுப்பாமல் புதிய எண்களைப் பழைய பதிவுகளோடு இணைத்துவிட வேண்டும்.

முழு ஓடையின் உள்ளடக்கத்தையும் ஒரு கையொப்பமாகச் சுருக்கி, அது மாறினால் புதிது என்று கொள்வது எளிதாகத் தோன்றும். யூடியூப் சேனல் ஓடை ஒன்றே இந்த எண்ணத்தை உடைத்துவிடும். அதிலுள்ள 15 காணொளிகளோடும் பார்வை எண்ணிக்கை சேர்ந்து வருகிறது. யாராவது ஒரு காணொளியைப் பார்த்தாலே கையொப்பம் மாறிவிடும்.

அடுத்தது நேரம். இங்கேதான் பெரும்பாலான கருவிகள் வழுக்குகின்றன. பதிவில் எழுதியிருக்கும் வெளியீட்டு நேரத்தை, வாசகர் கடைசியாக வந்த நேரத்தோடு ஒப்பிட்டுப் புள்ளி வைப்பார்கள். காலை 10 மணி என்று முத்திரையிட்ட பதிவு, நடுவில் உள்ள தற்காலிகச் சேமிப்பில் மாட்டி மாலை 4 மணிக்குத்தான் கருவிக்கு வருகிறது என்று வையுங்கள். வாசகர் நண்பகலில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டார். 10 மணி 12 மணிக்கு முந்தையது, அதனால் அந்தப் பதிவுக்குப் புள்ளியே வராது. யாருக்கும் பிழை தெரியாது, பதிவு மட்டும் காணாமல் போகும்.

அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நேரங்களைச் சேமிக்க வேண்டும்: எழுதியவர் சொன்ன வெளியீட்டு நேரம், கருவி முதன்முதலில் கண்ட நேரம். வரிசைப்படுத்த முதலாவது, புள்ளி வைக்க இரண்டாவது. ஆனால் கண்ட நேரம் ஒன்றை மட்டும் நம்பினாலும் சிக்கல் வரும். ஒருவர் 2009இல் எழுதிய 300 பழைய பதிவுகளைப் புதிய தளத்தில் ஏற்றினால் எல்லாம் இன்று கண்டவை ஆகிவிடும். ஆகவே, கண்ட நேரம், வாசகர் அந்த ஆளின் வரிசையைக் கடைசியாகத் திறந்த நேரத்துக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும், வெளியீட்டு நேரம் கண்ட நேரத்துக்கு 14 நாளுக்குள் இருக்க வேண்டும்; இரண்டும் பொருந்தினால்தான் புள்ளி. வெளியீட்டு நேரமே இல்லாவிட்டால் கண்ட நேரத்தையே அதற்கும் வைத்துக்கொள்ளலாம். எதிர்கால நேரம் இருந்தாலும் அப்படியே.

எதிர்கால நேரம் எப்படி வருகிறது என்றால், பெரும்பாலும் ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்தால். ஆர்எஸ்எஸ்ஸின் தேதி முறை அடிப்படையாகக் கொண்ட ஆர்எஃப்சி 822 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் கிரீன்விச் நேரமும் அமெரிக்க நேர மண்டலங்களும் பெயரோடு உள்ளன. ஐஎஸ்டி அதில் இல்லை. இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அதே சுருக்கம்தான். கைப்பட எழுதிய நிரல் '10:00 ஐஎஸ்டி' என்று போட்டால், வாசிக்கும் நிரல் மண்டலம் தெரியாமல் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அது நம் நேரப்படி பிற்பகல் 3:30. ஐந்தரை மணி நேரம் அந்தப் பதிவு பட்டியலின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓடை தயாரிப்பவர்கள் +0530 என்று எண்ணால் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

திருத்தங்களுக்குப் புள்ளி வேண்டாம். 2005இன் ஆர்எஃப்சி 4287 வகுத்த ஆட்டம் வடிவத்தில் 'திருத்திய நேரம்' கட்டாயம், 'வெளியிட்ட நேரம்' விருப்பம். திருத்திய நேரத்தைப் பிடித்துத் தொங்கினால் ஒற்றுப்பிழை சரிசெய்ததெல்லாம் புதுச் செய்தியாகும். வாசகர் ஏற்கெனவே திறந்து படித்த பதிவு மாறியிருந்தால் மட்டும், தலைப்புக்குப் பக்கத்தில் 'திருத்தப்பட்டது' என்று சாதாரண எழுத்தில் காட்டலாம். அதேபோல், ஒருவரை முதன்முறை பின்தொடரும்போது ஓடையில் வரும் பழைய பதிவுகள் எதற்கும் புள்ளி கூடாது. சேர்த்த நொடியே பத்துப் பதிவு பாக்கி என்று வரவேற்பது மரியாதையில்லை.

புள்ளி

6 பிக்சல் விட்டமுள்ள நிரப்பிய வட்டம், பெயருக்கு இடப்பக்கம். அதற்கென 16 பிக்சல் இடத்தை எல்லா வரிசையிலும் நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் புள்ளி தோன்றி மறையும்போதெல்லாம் பெயர் வலதும் இடதுமாக நகரும். அந்த அசைவு புள்ளியைவிட அதிகமாகக் கத்தும். தமிழ்த் தலைப்புகள் அடிக்கடி இரண்டாம் வரிக்கு மடியும் என்பதால், வரிசையின் நடு உயரத்தில் வைக்காமல் முதல் வரியின் நடுவில் வைக்க வேண்டும்.

நிறம் சிவப்பாக இருக்கக் கூடாது. சிவப்பு தவற்றுக்கும் ஆபத்துக்கும் உரியது. தளத்தின் இணைப்பு நிறமே போதும். மெல்லியது என்பதற்காக வெளுத்துவிடவும் கூடாது: அணுகல்தன்மை நெறிகள், பொருள் சொல்லும் சின்னங்களுக்குப் பின்னணியோடு குறைந்தது 3:1 வேறுபாடு கேட்கின்றன, எழுத்துக்கு 4.5:1. வெள்ளைப் பின்னணியில் #949494 என்ற நிறக்குறி கொண்ட சாம்பல் நிறம் 3:1ஐ ஒட்டித் தாண்டும், #767676 எழுத்துக்கான எல்லையைத் தாண்டும். பழைய பதிவுகளை மங்கலாக்கிக் காட்ட விரும்புகிறவர்கள் #767676ஐவிட வெளுப்பாகப் போகாமல் நிறுத்திக்கொள்வது நல்லது. மென்மையை அளவிலும் அசைவின்மையிலும் தேட வேண்டும், கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் தேடக் கூடாது.

படிக்காததைத் தடித்த எழுத்தில் காட்டுவது ஆங்கிலக் கருவிகளில் பழைய வழக்கம். தமிழுக்கு அது பொருந்துவதில்லை. தடித்த வடிவத்தில் ண, ணை, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுவிடும். எழுத்தின் அகலமும் கூடும் என்பதால் ஒரே வரியில் அடங்கிய தலைப்பு இரண்டு வரியாகும், படித்ததும் மறுபடி ஒரு வரியாகும், கீழே உள்ள எல்லாம் குதிக்கும். சாய்வெழுத்து தமிழ் அச்சு மரபிலேயே இல்லை. உலாவி நேர் எழுத்தைச் சாய்த்துப் போலியாக ஒன்றைத் தரும். தலைப்பை வெட்டும்போதும் கவனம் வேண்டும். உலாவியின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் எழுத்தெண்ணி வெட்டினால் 'தமிழ்' என்பதன் முதல் நாலு அலகு 'தமிழ' என்று புள்ளியிழந்து நிற்கும். இன்டில் தரும் எழுத்துப் பிரிப்பானைப் பயன்படுத்தலாம், அல்லது வெட்டுவதை, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸிடம் விட்டுவிடலாம்.

திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு வட்டம் வெறும் வெற்றிடம். பெயருக்குப் பின்னால் கண்ணுக்கு மறைத்து 'புதிய பதிவு' என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும். ஆனால் பதிவு வந்து சேரும்போதெல்லாம் குரலில் அறிவிக்கும்படி வைப்பது கொடுமை. அவரே புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினால் மட்டும் 'நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள்' என்று ஒரே ஒருமுறை சொன்னால் போதும்.

எல்லோருக்கும் ஒரே புள்ளி என்பதும் சரியில்லை. தினமும் ஐந்து பதிவு போடும் தளத்துக்குப் புள்ளி எந்தச் செய்தியையும் தருவதில்லை. அது எப்போதும் எரியும் விளக்கு. அத்தகைய வரிசையில் புள்ளியே வேண்டாம், 'இன்று' என்ற சொல்லே போதும். மறுபுறம், எட்டு மாதம் மௌனமாக இருந்தவர் திரும்பி எழுதினால் அது உண்மையான சேதி. கணக்கு எளிது: ஒருவரின் கடைசிப் பத்துப் பதிவுகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளின் நடுமதிப்பை எடுங்கள். இப்போதைய இடைவெளி அதைப் போல் மூன்று மடங்குக்கு மேல், கூடவே 30 நாளுக்கும் மேல் என்றால், புள்ளியோடு 'எட்டு மாதத்துக்குப் பிறகு' என்று எழுதிக் காட்டலாம். பின்தொடரும் கருவி செய்யக்கூடிய மிக அன்பான வேலை இதுதான் என்று நினைக்கிறேன். 'படிக்காதவை 1' என்று மட்டும் காட்டினால் இது தெரியவே தெரியாது.

ஒருவரின் எழுத்து வேகத்தைக் காட்ட ஒரு சின்னக் கோட்டுப்படமும் சேர்க்கலாம். வாரத்துக்கு ஒரு கோடு, 26 வாரம்; கோடு 2 பிக்சல், இடைவெளி 1, மொத்தம் 78 பிக்சல். கவனிக்க வேண்டியது ஒன்றே. வேர்ட்பிரஸ் இயல்பாகக் கடைசிப் பத்துப் பதிவுகளை மட்டுமே ஓடையில் தரும். புதிதாகச் சேர்த்தவரின் படம் அவர் போன மாதம்தான் எழுதத் தொடங்கியதுபோல் தோன்றும். தெரியாத வாரங்களைச் சுழியமாக வரையாமல் வெறுமையாக விட வேண்டும்.

புள்ளி எப்போது அணைய வேண்டும்

வரிசை திரையில் உருண்டு போனதற்காக அணைக்கக் கூடாது. வாசகர் அந்த ஆளின் வரிசையைத் திறந்தாலோ பதிவுக்குப் போனாலோ அணையலாம். அப்போதும் உடனே மறைய வேண்டாம். நிரப்பிய வட்டம் 1.5 பிக்சல் கோட்டு வளையமாக மாறி, அந்த அமர்வு முடியும்வரை இருக்கட்டும். எதைப் பார்த்தோம் என்று கண்டுபிடித்துத் திரும்ப அது உதவும். பக்கம் 30 நிமிடம் மறைந்திருந்தால் அமர்வு முடிந்ததாகக் கொள்ளலாம்.

அமர்வு நடக்கும்போது வரிசைகள் இடம் மாறவே கூடாது. விரல் வைக்கப் போன இடத்தில் வேறொருவர் வந்து நின்றால் அமைதியெல்லாம் போய்விடும். பின்னால் புதுப் பதிவுகள் வந்தால் சேமித்துவைத்து, அடுத்த அமர்வில் காட்டலாம்.

திறக்காத புள்ளிகளும் தாமாக அணைய வேண்டும். 14 நாள் ஆனால் வளையம், 30 நாள் ஆனால் ஒன்றுமில்லை. பதிவு எங்கும் போய்விடாது, தேடினால் கிடைக்கும். இந்த மறதி இல்லாத கருவி, எண்ணை எடுத்த பிறகும் புள்ளிகளாலேயே கடன் கணக்கு எழுதத் தொடங்கிவிடும். தொலைபேசியிலும் கணினியிலும் பயன்படுத்துகிறவருக்கு, ஒவ்வோர் ஆளுக்கும் 'கடைசியாகத் திறந்த நேரம்' ஒன்றைச் சேமித்து, இரண்டு கருவிகளில் பிந்திய நேரத்தை எடுத்துக்கொண்டால் ஒத்திசைவு முடிந்தது. படித்தவை, படிக்காதவை என்ற நீண்ட பட்டியலை இங்கும் அங்கும் அனுப்ப வேண்டியதில்லை.

கருவிக்கு வெளியே எதுவும் தெரியக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. உலாவித் தாவலின் தலைப்பில் எண் வேண்டாம், தள்ளி அனுப்பும் அறிவிப்பு வேண்டாம். செயலியாக நிறுவியவர் கேட்டால், செயலியின் சின்னத்தின்மேல் குறி வைக்கும் உலாவியின் பேட்ஜ் வசதியை எண் தராமல் அழைக்கலாம். வெறும் அடையாளம் மட்டும் வரும். அதுவும் இயல்பில் அணைந்திருக்கட்டும்.

மௌனமும் கோளாறும்

வாசகருக்குக் குறைவாகக் காட்டினாலும், கருவி ஓடையை அடிக்கடி எடுக்காவிட்டால் பதிவுகள் தவறிவிடும். ஓடையில் 10 பதிவுதான் நிற்கும், தளம் நாளைக்கு 30 போடுகிறது என்றால், நாளைக்கு ஒருமுறை பார்க்கிற கருவி 20 பதிவை இழக்கும். ஓடையில் உள்ள முதல் பதிவுக்கும் கடைசிப் பதிவுக்கும் இடையிலான காலத்தை மூன்றால் வகுத்து, அந்த இடைவெளியில் எடுக்கலாம். 10 பதிவு 8 மணி நேரத்தை அடைத்தால் 2 மணி 40 நிமிடத்துக்கு ஒருமுறை. குறைந்தது ஒரு மணி, அதிகம் 24 மணி என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். ஓடையின் அப்போதைய வடிவத்துக்குச் சர்வர் தரும் குறி ஈடேக். ஒவ்வொரு முறையும் முந்தைய ஈடேக்கையும் சேர்த்து அனுப்பினால், மாற்றமில்லாதபோது சர்வர் 304 என்ற பதில் எண்ணை மட்டும் சொல்லும். 'அளவுக்கு மேல் கேட்கிறாய்' என்ற 429 வந்தால் அது சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். சின்னத் தளம் நடத்துகிறவரின் சர்வரைத் தட்டிக்கொண்டே இருக்கும் கருவியை அமைதியான கருவி என்று அழைக்க முடியாது.

எழுதாமல் இருப்பவரையும் ஓடை உடைந்துபோனவரையும் ஒரேமாதிரி காட்டுவது பெரிய தவறு. இரண்டுமே வாசகருக்கு மௌனமாகத்தான் தெரியும். ஒரு நாள் இணைப்பு அறுந்ததற்கெல்லாம் எச்சரிக்க வேண்டாம். ஏழு நாள் தொடர்ந்து தோற்றால் நேரம் காட்டும் இடத்தில் 'ஓடை கிடைக்கவில்லை' என்று எழுதலாம். 410 வந்தால் அது நிரந்தரமாக எடுக்கப்பட்டது, கேட்பதை நிறுத்திவிடலாம். மோசமானது, முகவரியின் உரிமம் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போவது. அப்போது சர்வர் எல்லாம் சரி என்ற பொருளில் 200 என்று பதில் சொல்லும், உள்ளே விளம்பரப் பக்கமோ சம்பந்தமில்லாத புது ஓடையோ இருக்கும். பழைய தலைப்பு ஒன்றுகூட இல்லாமல் எல்லாமே புதியது என்றால், புள்ளி வைக்காமல் 'இது அதே ஆள்தானா?' என்று வாசகரிடம் கேட்க வேண்டும்.

செய்து முடித்த பிறகு சோதிக்க, நூறு ஓடைகளைச் சேர்த்துப் பதினான்கு நாள் தொடாமல் விட்டுத் திறந்து பாருங்கள். வரிசைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பிய புள்ளி இருந்தால் மேலே சொன்ன விதிகளில் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை. பெரும்பாலும் அது ஜியுஐடி, அல்லது தேதி. பிறகு பக்கத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றி, ஒரு கை தூரத்திலிருந்து பார்த்து, நீண்ட நாள் கழித்து எழுதியவர் யார் என்று இரண்டு நொடியில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.